ஓர் உடைக்கு இரண்டு பேர்

பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பது குளிருடைகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் என்பது ஜெசிந்தாவுக்குப் பத்தரை மணிக்குத்தான் தெரிய வந்தது. அதுவும் அவள் தேடிப்போய்த் தெரிந்துகொண்டதல்ல. பொருத்தி என்கிற மென்பொருள் தன் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் ஒரு குறிப்பாகக் காட்டியிருந்தது: “உரிமம் இல்லாத உடைகள் 40. கைமாற்ற நேரத்தில் பூட்டப்படும்.”

முதலில் உடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முதுகுளத்தூருக்குத் தெற்கே கருவேலங்காட்டை அழித்து அமைத்த சூரியத் தகடு வயல் அது. வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டுவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்ட காலம். தகடு துடைக்கிறவர்கள் குளிருடை இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. உடை முழுக்க மெல்லிய குழாய்கள், அவற்றுக்குள் குளிர்ந்த திரவம் ஓடும். கழுத்துப்பட்டையில் ஒரு சிறு கணினி. அந்தக் கணினி இருப்பதால் அலுவலகக் கணக்கில் அது துணியில்லை. மடிக்கணினியையும் அச்சுப்பொறியையும் போல அதுவும் ஒரு கணினிச் சொத்து. சொத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத சொத்து களவு போனதாகக் கொள்ளப்பட்டுப் பூட்டப்படும். பூட்டினால் குளிர்ச்சி நிற்கும். முதுகுக் கொக்கியும் கொட்டகைக்குள் வரும்வரை திறக்காது. திருடனைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜெசிந்தா மதுரையில் இருந்தாள். பழைய சொத்துக் கணக்கைப் புதிய அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கைமாற்றம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நடக்க இருந்தது. பழைய கணக்கில் உடைகளுக்கு ஓர் அட்டவணை, உரிமங்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை இருந்தன. எது எதோடு சேரும் என்று எழுதிவைத்தவர் எவருமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் பொருத்தி. இரண்டு அட்டவணைகளிலும் உள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஒத்துப்போனால் இவை இரண்டும் தொடர்புடையவை என்று முடிவு செய்யும். உடைகளின் வரிசை எண்ணும் உரிமங்களின் எண்ணும் நூற்றுக்கு எண்பத்தெட்டு ஒத்துப்போயின. அதற்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் சென்னையில் இருந்த மேலாளர் நரசிம்மனைக் கூப்பிட்டாள்.

“சார், கைமாற்றத்த நிறுத்தணும். நாப்பது உடை பூட்டிக்கும். இப்ப எல்லாரும் வெளியில இருக்காங்க.”

“நிறுத்துற அதிகாரம் எனக்குக் கிடையாது ஜெசிந்தா. அது தலைமையகத்துல. அவங்களுக்கு இப்ப விடியவே இல்ல.”

“அவசர நம்பர் ஒண்ணு இருக்குமே.”

“இருக்கு. அதையும் பொருத்திதான் எடுத்துப் பேசும்.” அவர் சிரிக்கவில்லை. “தொடர்பு தப்புன்னா திருத்து. திருத்துற அனுமதி உனக்கு இருக்கு. சான்று கொடுத்தா அது கேட்டுக்கும். கேட்டுக்காத ஆள் இல்ல அது.”

அடுத்து வயலுக்கு. அங்கே மேற்பார்வையாளர் காதர் மைதீன். இரண்டு மாதமாகத் தொலைபேசியில் பேசிப் பேசி, மேடம் என்று தொடங்கியவர் தங்கச்சி என்பதற்கு வந்திருந்தார்.

“காதர் பாய், நாப்பது உடைக்குள்ள இருக்கிற ஆளுங்கள உடனே கொட்டகைக்குக் கூப்பிடணும். நம்பர் அனுப்பியிருக்கேன்.”

“என்னத்தா சொல்லுறீக? நம்மகிட்ட இருக்கது ஒரே ஒரு வண்டி. ஒரு தடவைக்கு ஆறு பேரு. கடேசி வரிசைக்குப் போயிட்டு வரவே அரை மணி நேரம் ஆவும். நடந்து வரச் சொன்னா அது ஒரு தூரம் கெடக்கு.”

“இருந்தாலும் ஆரம்பிங்க பாய். தூரத்துல இருக்கவங்களுக்கு முதல்ல வண்டி.”

அவர் யாரிடமோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. ஜெசிந்தா பட்டியலுக்குத் திரும்பினாள்.

உரிமம் இல்லாத உடைகள்: 8, 17, 26, 35, 44, 53. அப்படியே போயிற்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்பது. ஏதோ ஒன்பதாவது வரிகள் மட்டும் நகலெடுக்கும்போது விழுந்துவிட்டன என்று முதலில் நினைத்தாள். ஆனால் உரிம அட்டவணையில் எதுவும் விழவில்லை. உடைகள் முந்நூற்று அறுபது, உரிமங்களும் முந்நூற்று அறுபது. அந்த உரிமங்களில்தான் 8 இல்லை, 17 இல்லை, 26 இல்லை. அதற்குப் பதிலாக எண்கள் நீண்டு 405 வரை போயிருந்தன. முந்நூற்று அறுபது உடைக்கு நானூற்றைந்து வரை எண் எதற்கு?

ஒன்றும் ஏழும். இரண்டும் ஆறும். மூன்றும் ஐந்தும்.

அவளுடைய அண்ணன் பைக் வாங்கிய வருடம், கிடைத்த பதிவெண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று ஷோரூமிலேயே வண்டியைப் போட்டுவிட்டு வந்தார். வேறு எண் கிடைக்கும்வரை ஒரு மாதம் பேருந்தில்தான் வேலைக்குப் போனார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான் அவரும். சனி கிரகத்தின் எண் என்கிற எட்டுக்குப் பயப்பட மதம் ஒரு தடையாக இருந்ததில்லை.

“பாய், ஒண்ணு கேக்கட்டா. உடை மேல ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?”

“நாந்தான். ஏன்?”

“எட்ட விட்டுட்டு ஒட்டினீங்களா?”

“அடப் போங்க தங்கச்சி,” என்றார் காதர் மைதீன். “எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடயாது. மொதல்ல ஒழுங்காத்தான் ஒட்டுனேன். எட்டு, பதினேழு, இருவத்தாறு, எதையும் ஒருத்தனும் மாட்ட மாட்டேனுட்டான். ‘முதுகுல சனிய ஏத்திக்கிட்டு வெயிலுக்குள்ள போகவா’ன்னு கேக்குறான். வந்த உடைய பெட்டியில வச்சுப் பூட்டிட்டு நான் என்ன பதில் சொல்ல? எல்லாத்தையும் உரிச்சுப்புட்டு, கூட்டுனா எட்டு வராத நம்பரா அடிச்சு ஒட்டுனேன். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான். ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். உடைக்குள்ளிருக்கும் கணினி ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணியது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர் எட்டைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. உரிமம் வாங்கும்போது யாரோ ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டார்கள். பொருத்தி உள்ளெண்ணையும் ஸ்டிக்கர் எண்ணையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் ஏழு உடைகளுக்கு மட்டும் சரி. எட்டாவதிலிருந்து ஒவ்வொருவரும் அடுத்தவருடைய உரிமத்தில் இருந்தார்கள். நாற்பது பேருக்கு அதுவும் இல்லை.

அவள் பொருத்திக்கு எழுதினாள்: “நீ கண்ட தொடர்பு தவறு. உரிமத்தில் இருப்பது ஸ்டிக்கர் எண். இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வரும் எண்கள் ஸ்டிக்கரில் விடப்பட்டுள்ளன.”

பதில் உடனே வந்தது. பொருத்தி எப்போதும் பாடப்புத்தகத் தமிழில்தான் எழுதும்.

“இந்த விதிக்கான காரணம் என்ன?”

“மக்கள் அந்த எண்ணை அணிய மாட்டார்கள்.”

“எண்கள் உடைகளுக்கு அடையாளம் மட்டுமே. அணியப்படுவது உடை. காரணம் ஏற்கப்படவில்லை.”

“காரணம் வேண்டாம். சான்று தந்தால் ஏற்பாயா?”

“ஏற்பேன். குறைந்தது ஆறு உடைகளின் உள்ளெண்ணும் ஸ்டிக்கர் எண்ணும் ஒரே படத்தில் தேவை.”

வெளியே இருப்பவர்களை நிறுத்திப் படமெடுக்க முடியாது. நல்லவேளையாகப் பழுது பார்க்க வந்த உடைகள் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தன. காதர் மைதீன் ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டையையும் புரட்டிப் படமெடுத்து அனுப்பினார். உள்ளே 25, வெளியே 28. உள்ளே 160, வெளியே 180. உள்ளே 351, வெளியே 394. ஜெசிந்தா கணக்குப் போட்டு வைத்திருந்த எண்களோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

பொருத்தி சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

“புதிய தொடர்பு நிறுவப்பட்டது. 360 உடைகள், 360 உரிமங்கள், முழுப் பொருத்தம். முந்தைய தவறுக்கு வருந்துகிறேன். நாற்பது உடைகளின் பூட்டு ஆணை நீக்கப்பட்டது.”

“பாய், வண்டிய நிறுத்திரலாம். சரியாயிருச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ். இங்கிட்டு ஆறு பேரத்தான் கொண்டாந்துருக்கோம். அதுல ஒருத்தன் இன்னைக்கு லீவு விட்டாச்சான்னு கேக்குறான்.”

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தபோதுதான் திரையில் அடுத்த வரி வந்தது.

“இப்போது சரியான தொடர்பு கிடைத்துவிட்டதால் ஆட்கள் அட்டவணையையும் இணைக்க முடிகிறது. உடைகள் 360. ஆட்கள் 405. ஸ்டிக்கர் இல்லாத எண்களில் 45 ஆட்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு உடை இல்லை. ஆனால் அவர்கள் தினமும் தகடு துடைத்ததாகப் பதிவு உள்ளது. மேலும் 45 உடைகளில் ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு இதயத் துடிப்புகள் பதிவாகின்றன. இந்த உடைகளை உரிமம் பெறாத ஒருவர் அணிகிறார். கைமாற்ற நேரத்தில் இவை பூட்டப்படும்.”

நாற்பது போய் நாற்பத்தைந்து. அவள் மணியைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

“பாய், எட்டு, பதினேழு, இருவத்தாறு இந்த நம்பர்ல எல்லாம் ஆள் யாரு?”

“அத எதுக்கு இப்பக் கேக்குறீக?” என்றார் காதர் மைதீன்.

“பாய், உடை கணக்குல பிரச்சினை வந்திருக்கு. மறைக்காதீங்க. நேரமில்ல.”

“மறைக்க என்னத்தா இருக்கு. தலைமையகத்துக்காரக ஸ்டிக்கர் நானூத்தஞ்சு வரைக்கும் ஓடுனதப் பாத்துட்டு, நானூத்தஞ்சு உடை இருக்குன்னு ஆளெடுத்துட்டாக. ஆள் நம்பரும் உடை நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு உத்தரவு. விட்டுப்போன நம்பர் நாப்பத்தஞ்சும் புதுசா வந்தவுகளுக்குப் போயிருச்சு. அவுகளுக்கு உடை கெடயாது. உடை வேணும்னு எழுதிப்போட்டா, ‘உங்ககிட்ட நானூத்தஞ்சு இருக்கே’ங்குறாக. இல்லைன்னு சொன்னா ஸ்டிக்கரு கதை வெளிய வரும். நான் வீட்டுக்குப் போகணும்.”

“அப்ப எப்படி வேலை செய்யறாங்க?”

“மாத்தி மாத்தித்தான். காலையில ஒருத்தி, பதினோரு மணிக்கு மேல இன்னொருத்தி. ஒருத்தி சட்டை போட்டிருக்கப்ப மத்தவ கொட்டகையில உக்காந்து பிரஷ்ஷக் கழுவிக்கிட்டு இருப்பா. அவுகளாப் பேசி வச்சுக்கிட்டது. நான் கண்டுக்கிறதில்ல.”

பதினோரு மணிக்கு மேல். அப்படியென்றால் இப்போது அந்த நாற்பத்தைந்து உடைகளுக்குள் இருப்பவர்கள் அந்த நாற்பத்தைந்து பேர்தான். பூட்டிக்கொள்ளப் போவது அவர்கள் மேல்தான்.

“யாராவது தூரமா இருக்காங்களா?”

“மங்களேஸ்வரி கடேசி வரிசையில நிக்கிது. பூமயிலோட சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிருக்கு. வண்டி போயிச் சேரவே நேரம் ஆயிரும்.”

“அவங்க லைன்ல கிடைப்பாங்களா?”

காதர் மைதீன் வயர்லெஸ்ஸைத் தொலைபேசியோடு ஒட்டிவைத்தார். கரகரப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“என்னண்ணே, பிரஷ்ஷு போதலைன்னு சொன்னேனே, வருதா?”

“மங்களேஸ்வரி, நான் மதுரையிலருந்து ஜெசிந்தா பேசறேன். சட்டைக் கணக்கு பாக்கறவ. நீங்க போட்டிருக்க சட்டை பன்னண்டு மணிக்குப் பூட்டிக்கும். உங்க பேருல லைசென்ஸ் இல்லைன்னு மிஷின் சொல்லுது.”

“பூட்டுனா?”

“குளிர்ச்சி நிக்கும். கொக்கி திறக்காது.”

தகட்டின் மேல் பிரஷ் உரசுகிற சத்தம் மட்டும் ஓடியது. அவள் கை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தது.

“நிழலுக்குப் போங்க. தகட்டுக்கு அடியில உக்காருங்க. நான் இங்க பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள் ஜெசிந்தா.

“தகட்டுக்கு அடியில இதைவிடக் காந்தும்க்கா. அடுப்புக்குள்ள தலைய விட்டமாரி இருக்கும். சரி, அந்த மிசினுக்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க.”

திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது. எந்தத் தொடர்புக்கும் பொருத்தி கடைசியில் கேட்கிற கேள்விதான் அது. ஜெசிந்தா தன் வேலையில் எத்தனையோ முறை யோசிக்காமல் விடை குறித்திருக்கிறாள்.

“உடைக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு: ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா? அறிவிப்பவர் பெயருடன் பதில் தேவை.”

ஒன்றுக்கு ஒன்று என்றால் இரண்டாவது ஆள் திருடன். ஒன்றுக்குப் பல என்றால் இரண்டாவது ஆளும் உரியவர். உடை பூட்டாது.

“பாய், ஒரு உடைக்கு ரெண்டு பேர்னு எழுதப் போறேன்.”

“அத மட்டும் எழுதிராதீக தங்கச்சி.” அவர் குரல் தாழ்ந்தது. “இம்புட்டு நாளா யாருக்கும் தெரியாம ஓடிக்கிட்டு இருக்கு. எழுத்துல வந்துருச்சுன்னா நாப்பத்தஞ்சு பேரையும் வெளிய தள்ளுவாக. ஒருத்தர் சட்டைய ஒருத்தர் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.”

“எழுதலைன்னா பன்னண்டு மணிக்கு அவங்க உள்ளயே வெந்துருவாங்க பாய்.”

நரசிம்மன் இன்னொரு இணைப்பில் இருந்தார். “ஏதாவது ஒண்ணக் குறி ஜெசிந்தா. பூட்டாம இருக்கிறது எதுவோ அதக் குறி. சட்டத்த நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றார். அவர் குரலிலும் பதற்றம் இருந்தது.

வயர்லெஸ்ஸில் மங்களேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அக்கா, எழுதுங்க. ஒரு சட்டைக்கு ரெண்டு பேருன்னே எழுதுங்க. அதான நெசம். இந்தச் சட்டைக்குள்ள பூமயிலு வெத்தல வாசம் வருது. அவ வேர்வையும் என் வேர்வையும் ஒண்ணாத்தான் கெடக்கு. இத யாருகிட்ட மறைக்கிறது?”

“வெளிய தள்ளிட்டா?”

“மொதல்ல கொட்டகைக்கு வந்து சேந்துக்கிறேன். பெறகு தள்ளட்டும்.”

ஜெசிந்தா ஒன்றுக்குப் பல என்று குறித்தாள். பல என்றால் எத்தனை என்று அது கேட்டது. இரண்டு என்றாள். பெயர் கேட்டது. ஜெசிந்தா அந்தோணிசாமி என்று தட்டினாள்.

திரை அப்படியே நின்றது. சுழல்கிற சின்ன வட்டம் மட்டும் சுழன்றது. கீழே மணி மாறியது. பன்னிரண்டு.

“மங்களேஸ்வரி?”

கரகரப்பு.

“மங்களேஸ்வரி, பேசுங்க.”

“இருக்கேன்க்கா. ஒரு நிமிசம் நின்னுச்சு. முதுகுல தண்ணி ஓடுற சத்தம் நின்னுபோச்சு. இப்ப மறுபடி ஓடுது.” அவள் மூச்சு வாங்கினாள். “ஓடுது. ஓடுது.”

காதர் மைதீன் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லா உடையும் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் யாரோ விசிலடித்தார்கள். இதுவரை பேச்சில் வராத பூமயில், “என் சட்டைய நனைச்சுக் கொண்டாராம ஒழுங்காக் கொண்டா” என்று வயர்லெஸ்ஸுக்குள் திட்டினாள். பயத்தை மறைக்கத்தான் திட்டினாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ஜெசிந்தா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். அப்போது நரசிம்மன் கூப்பிட்டார்.

“பிரமாதம் ஜெசிந்தா. தலைமையகம் முழிச்சிருச்சு. உன் பேரச் சொல்லிப் பாராட்டியிருக்காங்க. பாத்தியா?”

“எதுக்கு சார்?”

“திரையப் பாரு.”

பொருத்தியின் அறிக்கை அழகாக வந்திருந்தது.

“உடை–ஆள் தொடர்பு நிறுவப்பட்டது. ஓர் உடைக்கு இரண்டு ஆட்கள். கண்டறிந்தவர்: ஜெசிந்தா அந்தோணிசாமி. இதன்படி 405 ஆட்களுக்குத் தேவையான உடைகள் 203. மிகை 157. மிகையான உடைகளைத் திரும்பப் பெற்று வேறு வயல்களுக்கு அனுப்பப் பரிந்துரைக்கப்படுகிறது. இதே தொடர்பு பிற வயல்களுக்கும் பொருந்துமா எனச் சோதிக்கப்பட்டு வருகிறது.”

அவள் இரண்டாவது முறை படித்தாள். ஒருவரையும் வெளியே தள்ளவில்லை. சட்டத்தைக் கொண்டு யாரையும் தண்டிக்கவும் இல்லை. நாற்பத்தைந்து பேர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் விதியாக்கியிருந்தது.

“சார், இது ஏற்பாடு இல்ல. உடை இல்லாத குறைக்கு அவங்க செஞ்சுக்கிட்டது. பாதி நேரம் ஒருத்தர் உக்காந்திருக்காங்க. இனிமே எல்லாரும் பாதி நேரம் உக்காரணுமா?”

“உக்கார மாட்டாங்க. உடை இல்லாம இறங்கச் சொல்லுவாங்க,” என்றார் நரசிம்மன். பிறகு, அதைத் தான் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல, “அதெல்லாம் வயல்காரங்க பாடு. நாம தொடர்பக் கண்டுபிடிச்சுக் கொடுத்தோம்,” என்றார்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுப் பொருத்திக்கு எழுதினாள்: “இந்தத் தொடர்பைத் திரும்பப் பெறுகிறேன்.”

“நிறுவப்பட்ட தொடர்பைத் திரும்பப் பெற எதிர்ச் சான்று தேவை. இன்றைய பதிவுகளில் 45 உடைகள் இருவரால் அணியப்பட்டுள்ளன. எதிர்ச் சான்று இல்லை.”

“எதிர்ச் சான்று எப்போது கிடைக்கும்?”

“ஒரு முழு நாள் எந்த உடையும் இருவரால் அணியப்படாவிட்டால் தொடர்பு மறுபரிசீலனைக்கு வரும். அப்போது அறிவிப்பவரிடம் மீண்டும் கேட்கப்படும்.”

“என்ன கேட்பாய்?”

“ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா என்பது. ஒன்றுக்கு ஒன்று எனில், கட்டாயம் எந்தப் பக்கம் என்பது. ஒவ்வோர் உடைக்கும் ஓர் ஆள் கட்டாயமா, ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் உடை கட்டாயமா? இரண்டாவதைக் குறித்தால், உடை இல்லாத ஆட்கள் பற்றாக்குறையாகக் காட்டப்படுவர். பற்றாக்குறை கொள்முதலுக்கு அனுப்பப்படும்.”

அந்தக் கேள்வியை அவள் இதுவரை எந்த வேலையிலும் கவனித்துப் படித்ததில்லை. பெரும்பாலும் முதல் விடையே தானாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் வயலைக் கூப்பிட்டாள். காதர் மைதீன் எடுத்தார். பின்னால் கலகலவென்று சத்தம். மங்களேஸ்வரி வண்டியில் வந்து இறங்கியிருந்தாள்.

“பாய், ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கணும்.”

அவள் அறிக்கையைப் படித்துக் காட்டினாள். நூற்று ஐம்பத்தேழு என்ற எண்ணைச் சொன்னதும் கலகலப்பு அடங்கிவிட்டது.

“நாந்தான் எழுதச் சொன்னேன்,” என்றாள் மங்களேஸ்வரி.

“எழுதினது நான். இப்ப அதக் கழட்டறதுக்கு ஒரு வழிதான் இருக்கு. ஒரு நாள் முழுக்க எந்தச் சட்டையையும் ரெண்டு பேர் போடக் கூடாது. அப்புறம் என்கிட்ட கேக்கும். ஆளுக்கு ஒரு சட்டை கட்டாயம்னு நான் எழுதுவேன். நாப்பத்தஞ்சு சட்டை குறையுதுன்னு அதுவே காட்டும்.”

“அப்ப நாளைக்கு நாங்க நாப்பத்தஞ்சு பேரும் வீட்டுல இருக்கணும்.”

“ஆமா.”

காதர் மைதீன் குறுக்கிட்டார். “நாப்பத்தஞ்சு பேரு வராமலே மத்தவுக தொடச்சு முடிச்சுட்டாகன்னு வைங்க தங்கச்சி. இந்த நாப்பத்தஞ்சு பேரு என்னத்துக்குன்னு அந்த மிசினு கேக்காதா?”

ஜெசிந்தாவுக்கு அது தோன்றவே இல்லை. கேட்கும். நிச்சயமாகக் கேட்கும்.

“எல்லாரும் வரலைன்னா கேக்காது,” என்றாள் மங்களேஸ்வரி மெதுவாக.

கொட்டகையின் பெரிய மின்விசிறி சுற்றுவது மதுரைவரை கேட்டது. சட்டை இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு நாளைக்கு ஒரு குறையுமில்லை. அவர்கள் எண் கூட்டினால் எட்டு வராது. மங்களேஸ்வரி அவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் என்ன முகத்தோடு நின்றார்கள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று இருந்தாள்.

சட்டை இருக்கிறவர்களில் முதலில் வந்தது பூமயிலின் குரல். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

“காலையில வேலைக்கு வந்து பாதி நாளு சும்மா உக்காந்துதான் இருக்கேன். நாளைக்கு மீதிப் பாதியையும் உக்காந்துக்கிறேன். நீ பேர எழுதுடி மங்களேஸ்வரி, வேற யார் யாரு உக்காருறதுன்னு.”